குறைந்த செலவில் வெடிகுண்டு அகற்றும் ரோபோ செய்ய முடியுமா?

முடியும். கேள்வியைப் பார்த்தால் இறுதியாண்டு மாணவர் போலத் தெரிகிறது. "இதெல்லாம் டிஆர்டிஓ செய்யற வேலைப்பா" என்று நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சொல்லி உங்கள் பேராசிரியர் சிரித்திருப்பார். அவரிடம் வீல்பாரோ என்ற வெடிகுண்டு ரோபோவின் கதையைச் சொல்லுங்கள். 1972-ல் வட அயர்லாந்தில் கார் குண்டுகளை அகற்றப் போன வீரர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் ராணுவத்தின் பீட்டர் மில்லர், தோட்ட வேலைக்கான மின்சாரத் தள்ளுவண்டியின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் அதைத் தொடங்கினார். காரில் கொக்கி மாட்டி இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய தேவை.

கோவையில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. கல்லூரிப் பையன்கள் சிலருக்காக இப்படி ஒன்று செய்தோம். ரோபோவின் கை மூட்டுக்கு உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார். சிரிக்காதீர்கள். அதற்குள் இருப்பது வார்ம் கியர்: திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும், பல்சக்கரத்தால் தண்டைத் திருப்பிச் சுற்றுவது கஷ்டம். கரண்ட் போனாலும் கை லேசில் தொங்காது, பிடித்த பையோடு அப்படியே நிற்கும். படியேறும்போதுதான் வண்டி மல்லாந்தது. கையை மடக்கித் தாழ்த்தி, பேட்டரியை அடித்தட்டில் முன்பக்கம் தள்ளியதும் ஏறிவிட்டது.

வைஃபையை மட்டும் நம்பாதீர்கள். குண்டு இருக்கும் இடத்தில் சிக்னலை முடக்கும் ஜாமர் போடுவார்கள், உங்கள் வண்டியும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஒயர்தான் கதி. அந்த ஒயர்ச் சுருள் வண்டியின் முதுகிலேயே இருக்கட்டும், போகப் போக அவிழ வேண்டும். தரையோடு இழுத்துக்கொண்டு போனால் முதல் மேஜைக்காலிலேயே மாட்டும்.

"வைப்பர் மோட்டாரை நம்பி உயிரோடு விளையாடுவதா" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். ஐயா, புனேயில் டிஆர்டிஓ உருவாக்கிய வெடிகுண்டு ரோபோ தக்‌ஷோடு நான் போட்டி போடவில்லை. ஆளுக்குப் பதில் எட்டிப் பார்க்க, பையை இழுத்து வர ஒரு வண்டி. சிதறினால் மறுபடி செய்துகொள்ளலாம். தண்ணீரைப் பீய்ச்சிக் குண்டைச் செயலிழக்க வைக்கும் கருவியெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேலை, மாணவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஆனால் விற்கலாம் என்று டெண்டர் பக்கம் போனால் முதல் நிபந்தனையே மூன்று வருட விற்றுமுதல் இத்தனை கோடி. கோடி இருந்தால் நான் ஏன் உக்கடத்தில் மோட்டார் பொறுக்குகிறேன்?

சரி, அது வேறு கதை. மோட்டார் வாங்கும்போது 12 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். லாரியில் கழற்றியது என்றால் 24.