டர்போ நத்தைகள் இரண்டே நாளில் சாவது பற்றி

பாறசாலை நண்பருக்கு வணக்கம். உங்கள் கடல்நீர் மீன்தொட்டியில் பாசி தின்ன விட்ட ஆறு டர்போ நத்தைகளில் நான்கு இரண்டே நாளில் செத்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். பையில் வந்த தண்ணீரின் உப்பளவை அளந்தீர்களா? பவளம் வளர்க்கும் தொட்டியில் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 1.025 இருக்கும், கடைத் தண்ணீர் பல சமயம் அதைவிடக் குறைவு. சட்டென்று மாற்றினால் நத்தை தாங்காது. களியக்காவிளையில் என் முதல் தொட்டியிலும் இப்படித்தான் இழந்தேன், மனசு கேட்கவில்லை. இனி வாங்கினால், நத்தையைப் பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, மெல்லிய காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை ஒன்றரை மணி நேரமாவது அதில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

அப்புறம், மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் எப்போதாவது வந்து, அந்தத் தொட்டியிலேயே செம்பு மருந்து ஊற்றியிருந்தால் சொல்லுங்கள். பாறையும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நத்தைக்கு அது விஷம்.

மீதி இரண்டும் மல்லாந்து கிடந்தால் கையால் திருப்பி விடுங்கள். சதை தொங்கி, நாற்றமடித்தால் செத்துவிட்டது என்று அர்த்தம், உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அழுகித் தண்ணீரில் அமோனியா நச்சு ஏறும்.