பின்வரிசை நாற்காலி போதும்

கேள்வி: குடியை விட நினைக்கும் என் கணவர், ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தயங்குகிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, அவராகவே விட நினைக்கிறாரே, அதுவே பெரிய விஷயம். ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு; 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அதில் சேர அந்த விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் கிடையாது, முழுப்பெயரோ முகவரியோ சொல்ல வேண்டியதில்லை, அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பதும் அவர்கள் காக்கும் நெறி. முதல் நாள் வாயே திறக்காமல், பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்தபடி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தாலும் போதும். தெரிந்த முகம் எதிர்ப்படுமே என்று அஞ்சினால், வேறு ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம்; அருகில் எங்கே, எந்தக் கிழமை நடக்கிறது என்பதை வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். உங்களைப் போன்ற குடும்பத்தினருக்கும் அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. நீங்களும் போய்ப் பாருங்கள்.