கீமோ நடுவுல ஸ்கூலுக்கு வர்ற பையன்

கேள்வி: நான் மூணாவது எடுக்கற டீச்சர். என் கிளாஸ் பையனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல்.னு சொன்னாங்க. பல மாசம் கழிச்சு அடுத்த வாரம் வர்றான். எச்.எம். தனியா உக்கார வைங்கன்றார். எனக்கும் பயமாதான் இருக்கு, என்ன பண்ணட்டும்?

பதில்: டீச்சர், இது ஒட்டுவாரொட்டி கிடையாதுன்னு எச்.எம்.கிட்ட முதல்ல சொல்லிடுங்க. அவன்கிட்டருந்து யாருக்கும் வராது, மத்த பசங்ககிட்டருந்து அவனுக்கு எதுவும் தொத்தாம பாக்கறதுதான் விஷயம். சளி இருமல் இருக்கறவன் பக்கத்துல உக்கார வைக்காதீங்க, அவ்ளோதான், தனி பெஞ்செல்லாம் வேணாம்.

ஏ.எல்.எல்.லுக்கு ட்ரீட்மென்ட் ரெண்டு மூணு வருஷம் போகும், அதனால அவன் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டேதான் ஸ்கூலுக்கு வருவான், நோயை எதிர்க்கற வெள்ளை அணு கம்மியா இருக்கலாம். காய்ச்சல் 100.4 வந்துடுச்சுன்னா உடனே அம்மாவுக்கு போன், லாஸ்ட் பீரியட் முடியட்டும்னு வெயிட் பண்ணாதீங்க, பாரசிட்டமாலும் நீங்களா குடுக்காதீங்க, காய்ச்சலை அது மறைச்சிடும்.

அடுத்தது அம்மை. சின்னம்மையோ தட்டம்மையோ கிளாஸ்ல யாருக்காவது வந்தா அன்னிக்கே அவன் அம்மாகிட்ட சொல்லணும், ஏன்னா தடுப்பு ஊசி மருந்துக்கெல்லாம் நாள் கணக்கு இருக்கு. நம்ம ஊர்ல வாசல்ல வேப்பிலை கட்டிட்டு லீவ் லெட்டர்ல மட்டும் 'காய்ச்சல்'னு எழுதி அனுப்புவாங்க, அதனால எவனாவது ரெண்டு நாள் வரலன்னா நீங்களே போன் போட்டு என்ன காய்ச்சல்னு கேட்டுடுங்க.

இந்த ட்ரீட்மென்ட்ல வின்கிறிஸ்டின்னு ஒரு மருந்து குடுப்பாங்க, அது நரம்பைப் பாதிக்கும். பென்சில் நழுவும், எழுத்து கோணும், பட்டன் போட முடியாது, மாடிப்படி ஏறறப்போ கால் தடுக்கும். சோம்பேறித்தனம்னு நினைச்சு திட்டிடாதீங்க, பாதி எழுதி மீதிய வாயால சொல்லட்டும். ஸ்டீராய்டு குடுக்கற நாள்ல பசி தாங்காது, சும்மா சும்மா அழுவான், கோவப்படுவான், அது எந்தெந்த நாள்னு அம்மாகிட்ட டைரில எழுதித் தரச் சொல்லுங்க, அன்னிக்கு கிளாஸ் நடக்கறப்பவே பிஸ்கட் சாப்பிட்டா விட்டுடுங்க.

கீமோவால முடி கொட்டி தொப்பி போட்டுட்டு வந்தா, அதை யாரும் இழுக்கக் கூடாது. ஆனா பசங்ககிட்ட என்ன சொல்லலாம், எவ்ளோ சொல்லலாம்னு முன்னாடியே அவனையே கேட்டுக்குங்க, எட்டு வயசுப் பையனுக்கும் வெக்கம் இருக்கும்ல. பாவம்னு ஹோம்வொர்க்க நிறுத்திடாதீங்க, கொஞ்சமாவது குடுங்க. முதுகுத்தண்டுல போடற மருந்தால சிலருக்கு பின்னாடி கவனம் குறையும், கணக்கு லேட் ஆகும், அது ட்ரீட்மென்ட் முடிஞ்சப்புறம்கூட தெரியலாம், அதனால இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி அடுத்த வருஷம் நாலாவது டீச்சர் கையில குடுத்துடுங்க.