‘தி மார்ச் ஆஃப் டைம்’ முழுப்படம் கிடைக்குமா?

கிடைக்காது. ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்ஜிஎம் 1930இல் எடுத்த அந்த இசை நடனத் தொகுப்புப் படம் திரைக்கே வரவில்லை. அதில் வரும் சிறைக் கைதிகள் நடனத்தையும் கேட்டிருந்தீர்கள்; அதை மட்டும், எம்ஜிஎம் இசைப்படக் காட்சிகளைத் தொகுத்த ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட் 3’ (1994) படத்தில் பார்க்கலாம்.

தேடும்போதெல்லாம் செய்திப் படங்களே வருகின்றன என்கிறீர்கள். 1935இல் அதே பெயரில் ஒரு செய்திப்படத் தொடர் தொடங்கியது. பெரும்பாலும் அதுதான் குறுக்கே நிற்கிறது. அந்த நடனத்தின் பெயரான ‘தி லாக் ஸ்டெப்’ என்பதை எம்ஜிஎம், 1930 ஆகியவற்றோடு சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

1930இன் பிற்பகுதிக்குள் அமெரிக்க ரசிகர்களுக்கு இசைப்படங்கள் சலித்துவிட்டன. அதனால் படம் கிடப்பில் போடப்பட்டது. ஆனால் செலவழித்த பணத்தை ஸ்டுடியோ விடுமா? துண்டு துண்டாக வெட்டி வேறு படங்களில் செருகிவிட்டார்கள். ‘பிராட்வே டு ஹாலிவுட்’ (1933) அவற்றில் ஒன்று. சில துண்டுகள் குறும்படங்களுக்குப் போயின. கஞ்சத்தனம்தான், இருந்தாலும் அதனால்தான் நமக்கு இவ்வளவாவது மிஞ்சியது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1933ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு மூலப்படம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அதன் கதை புதிதாக எழுதப்பட்டது. பழைய காட்சிகள் இடையில் ஒட்டப்பட்டவை.