கண்டம் நகர்ந்தால் நடுவில் இருந்த கடல் எங்கே போகும்? இரண்டு கல்லை வைத்துச் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: "கண்டங்கள் நகர்கின்றன என்று பள்ளியில் படித்தோம், சரி. அப்படி நகரும்போது நடுவில் இருக்கும் கடல் என்ன ஆகும்? புதுக் கடல் எப்படி உண்டாகும்?"

சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் எங்கேயும் போவதில்லை, அது தேங்கி நிற்கும் பள்ளம்தான் ஒரு பக்கம் மூடி இன்னொரு பக்கம் திறக்கிறது. இது எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட இரண்டு கல்லில் நன்றாகப் புரிந்தது.

முதல் கல் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும் சாளக்கிராமம். தாத்தா தினமும் திருமஞ்சனம் செய்வார். எலுமிச்சம்பழ அளவு, கன்னங்கரேல் என்று இருக்கும், ஒரு பக்கம் சின்னத் துவாரம், அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சுருள் சுருளாக, நெருக்கமான வரிகளோடு ஒரு சக்கரம் தெரியும். கல்லூரியில் நிலவியல் படித்தபோதுதான் அது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு பதிந்த தடம் என்று தெரிந்தது. தயங்கித் தயங்கி தாத்தாவிடம் சொன்னேன். "பெருமாள் கடல்ல இருந்தவர்தானேடா, இதுல என்ன ஆச்சரியம்" என்றார்.

அந்தக் கல் வருவது நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து. அதன் மேற்பகுதியில் இருக்கும் முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் உயரம், பக்கத்துக் கடற்கரைக்கே பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே கடல் உயிர் எப்படி வந்தது? இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் டெத்திஸ் என்று ஒரு பெருங்கடல் இருந்தது. அதன் சேற்றில் புதைந்தவைதான் இவை. எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பதும் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

டெத்திஸ் மூடிய விதம்தான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். கடல்தரைப் பாறை பசால்ட், கண்டப் பாறையைவிடக் கனமானது. வயதாக ஆகக் குளிர்ந்து இன்னும் கனமாகும். ஒரு கட்டத்தில் அதன் விளிம்பு ஆசியாவுக்கு அடியில் வளைந்து, மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் என்ற சூடான பாறை அடுக்குக்குள் இறங்கத் தொடங்கியது. கொடியில் ஈரவேட்டியை ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கவிட்டால், அந்தக் கனமே மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு சரியுமல்லவா, அதே கதைதான். இறங்கும் கடல்தரை தன் பின்னால் இந்தியாவையே இழுத்து வந்தது. சில காலம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல்கூட வந்திருக்கிறது, கண்டத்தையும் கடல்தரையையும் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகைகளைத் தட்டுகள் என்பார்கள், அவற்றின் கணக்கில் அது பெரிய ஓட்டம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் தீர்ந்து, நிலமும் நிலமும் முட்டின. கண்டப் பாறை கனம் குறைந்தது, சுலபத்தில் உள்ளே இறங்காது, அதனால் மடிந்து இமயமலையாக எழுந்தது. லடாக்கில் சிந்து ஓடும் பள்ளத்தாக்கை ஒட்டி அந்தக் கடல்தரையின் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன.

என்னை இன்றும் அசத்துவது இதுதான்: இறங்கிய கடல்தரை முழுதாகக் காணாமல் போய்விடவில்லை. நிலநடுக்க அலைகளை வைத்து பூமிக்குள் படம் எடுக்கிறார்கள், ஸ்கேன் மாதிரி. அதில் இந்தியாவுக்கு அடியிலேயே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் கீழே, சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்த பெரும் துண்டுகள் தெரிகின்றன. டெத்திஸின் தரை அங்கே இருக்கிறது, நாம் அதன் மேல் ஏறி நகர்ந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கல் பெரம்பலூர் மாவட்டம் காரையில் பார்த்தது. செம்மண்ணும் மஞ்சளுமாக மழை அரித்த மேடுகள், வெயிலில் பளபளக்கும் ஜிப்சம் நரம்புகள், காலடியில் தோட்டா வடிவத்தில் பெலம்னைட்டுகள் (கணவாய் மாதிரியான, அழிந்துபோன கடல் உயிரின் எச்சங்கள்), நடுவே உடைந்த ஓர் அம்மோனைட், அதே சுருள், அதே வரிகள். ஆனால் இது டெத்திஸ் கல் இல்லை. ஒரு காலத்தில் நம் கிழக்குக் கரை அன்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் ஜோடி இன்றும் அங்கே இருக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடுவில் பிளவு விழுந்தது. பிளவு விரிய விரிய, கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்து உறைந்து புதுத் தரையானது, பள்ளத்தில் கடல் புகுந்தது. அந்தப் புதுக் கடல் உள்நாட்டுக்குள் ஏறி வந்து விட்டுப்போன சேறுதான் காரை. ஆக, வடக்கே ஒரு கடல் மூடிக்கொண்டிருந்தபோதே நம் முதுகுக்குப் பின்னால் இந்தியப் பெருங்கடல் திறந்துகொண்டிருந்தது.

கடல்தரை இப்படிப் பிறந்து, வயதானதும் உள்ளே இறங்கிவிடும், கண்டம் மேலேயே தங்கிவிடும். இதனால்தான் கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறைகூடக் கிடைக்கிறது, பெருங்கடல்களின் தரையிலோ 20 கோடி ஆண்டைத் தாண்டுவது அபூர்வம்.

அப்புறம், குமரிக்கண்டம் பற்றி யாராவது கேட்பீர்கள். அதோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864-ல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்தபோது தட்டுகள் நகர்வது யாருக்கும் தெரியாது. மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் ஒத்த உயிரினங்கள் இருப்பதை விளக்க மூழ்கிய கண்டம் ஒன்று தேவைப்பட்டது. இரண்டும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒட்டியே இருந்தன என்று இன்று தெரியும். கடல்மட்டம் உயர்ந்து கரையோர நிலம் மூழ்கியது உண்மை. பனியுகத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். ஒரு கண்டம் மூழ்குவது வேறு விஷயம், இரண்டையும் குழப்பக் கூடாது.

இதெல்லாம் முடிந்த கதை இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜிபிஎஸ் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்வதைக் காட்டுகிறது. நான் பிறந்து 40 வருடம், எங்கள் வீடு 2 மீட்டர் தள்ளி வந்துவிட்டது. எத்தியோப்பியாவின் அஃபாரில் 2005 செப்டம்பரில் 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்து, சில வாரங்களில் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. புதுக் கடலின் தொடக்கம் இப்படித்தான் இருக்கும். நம் கடலும் கிழக்கு ஓரத்தில், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, டெத்திஸ் மாதிரியே உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. பல காலம் சிக்கியிருந்த அந்த விளிம்பு 2004 டிசம்பர் 26 காலையில் விடுபட்டது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

காரைக்குப் போகிறவர்கள் மழை ஓய்ந்த பிறகு போங்கள், புதிதாக அரித்த இடத்தில் நன்றாகத் தெரியும். எதையும் எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் வயது சொல்கிறார்கள். நானும் படம் மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.