முருங்கை இலைப் பொடியில் வைட்டமின் கே: அளப்பது எப்படி?

கேள்வி: அரவக்குறிச்சி பக்கம் முருங்கை வைத்திருக்கிறேன். இலையைக் காயவைத்துப் பொடியாக்கி விற்கிறேன். வாங்குகிறவர் வைட்டமின் கே எவ்வளவு என்று ரிப்போர்ட் கேட்கிறார். நாமே பார்க்க கிட் ஏதும் உண்டா?

பதில்: மண்ணுக்கு பி.ஹெச். பார்ப்பதுபோல இதைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்க முடியாது ஐயா. லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே பொடியிலிருந்து கொழுப்பில் கரைகிற பகுதியை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் இறக்கி, ஹெச்பிஎல்சி என்ற, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவியில் விடுவார்கள். இலையில் இருக்கும் வைட்டமின் கே வகைக்குக் கே1 என்று பெயர். அது தானாக ஒளிராது. துத்தநாகத் தூள் வழியே போய் ஒடுக்கமடைந்த (எலக்ட்ரான் ஏற்று மாறிய) பிறகுதான் ஒளிரும். அந்த ஒளியை வைத்துக் கணக்கிடுவார்கள். எல்லா உணவு லேபிலும் இந்த வசதி இருக்காது. பணம் கட்டுமுன், 'வைட்டமின் கே1 உங்கள் என்ஏபிஎல் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா?' என்று கேட்டுவிடுங்கள். என்ஏபிஎல் என்பது லேபுகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு.

ஆனால் எண் கெடுவது பெரும்பாலும் லேபில் இல்லை, நம் களத்தில்தான். கே1 சூட்டை ஓரளவு தாங்கும், வெளிச்சத்தைத் தாங்காது. இலை வெயிலில் காய்ந்திருந்தால் அப்போதே ஒரு பங்கு போயிருக்கும். சாம்பிளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு! அலுமினியத் தாள் பையில் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

மூட்டையின் மேலாக ஒரு கை அள்ளுவது சாம்பிள் ஆகாது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து குவியுங்கள். குவியலை நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்து மறுபடி கலக்குங்கள். வேண்டிய அளவு வரும்வரை இப்படியே குறையுங்கள்.

கே1 இருப்பது பச்சையத்தோடு, இலையின் பசுங்கணிகத்தில். அதனால் ஈர்க்குக் குச்சியும் பழுத்த இலையும் சேரச் சேர எண் இறங்கும். முட்டைக்கோஸிலும் இதே கதைதான்: வெளிப்பச்சை இலையில் கூடுதல், உள்ளே வெள்ளையில் குறைவு.

அப்புறம், ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமே இல்லாத பொடியில் 100 கிராமுக்கு 1000 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 சதவீத ஈரத்தில் 950, 10 சதவீதத்தில் 900. சரக்கு ஒன்றுதான், எண் இரண்டு. அலகையும் பாருங்கள், மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் மில்லிகிராம் என்று லேபிளில் அச்சாகிவிட்டால் ஆயிரம் மடங்கு தப்பு.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் கே திடீரென்று கூடினால் மருந்தின் வேலை குறையும். அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் இந்தப் பொடியை எடுக்க வேண்டும் என்று பாக்கெட்டில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.