மீன்குஞ்சுத் தீவனத்தில் ஈஸ்ட் கலப்பதால் உண்மையில் பயன் உண்டா?

பெரம்பூரில் மொட்டை மாடித் தொட்டிகளில் கோய் கெண்டை என்னும் அலங்கார மீன் வளர்ப்பதாகவும், குஞ்சுகள் மூன்றாவது வாரத்தில் கொத்துக் கொத்தாக இறப்பதாகவும், கடையில் ஈஸ்ட் புரோபயாட்டிக் (உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்) தூளை வாங்கித் தீவனத்தில் கலக்கச் சொன்னதாகவும் எழுதி, அது வெறும் விற்பனைப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் பேச்சு அல்ல. ஆனால் அந்த ஈஸ்ட் உயிரோடு குஞ்சின் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒரு பருவம் முழுவதும் என் கையாலேயே அதைக் கொன்று மீனுக்குப் போட்டவள் நான்.

நான் மீன்வளம் படித்தவள் அல்ல. கொளத்தூரில் வாழ்க்கைப்பட்டு வந்து, மாமனார் கட்டிய சிமெண்ட் தொட்டிகளில் தொழில் பழகியவள். படித்தவர்கள் என் சொற்களில் குறை காணலாம். தொட்டியில் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கோய் குஞ்சு மஞ்சள் கரு கரைந்த பின் நுண்ணுயிர்களையும் மொய்னா என்னும் சிறு நீர்ப்பூச்சியையும் தின்று வளர்கிறது. அதிலிருந்து தூள் தீவனத்துக்கு மாற்றும் நாட்களில்தான் சாவு அதிகம். செரிமான நொதிகள் இன்னும் போதிய அளவு சுரக்காத குடலில், பிண்ணாக்கும் மீன்தூளும் திடீரென்று போய் விழுகின்றன. எங்கள் தொட்டியில் அந்த நாட்களில் குஞ்சுகளின் பின்னால் எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கும். இரண்டு நாள் கழித்து அவையே மூலையில் ஒதுங்கி நிற்கும். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது என்பதால், உயிருள்ள ஈஸ்ட்டை வழியில் அழிக்க அங்கே அமிலம் இல்லை. டெபாரியோமைசஸ் ஹான்செனி என்னும் ஈஸ்ட் வகை ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின் போன்ற பொருட்களைச் சுரந்து, ஐரோப்பியக் கடல் மீன் குஞ்சுகளின் குடல் விரைவில் முதிர உதவியதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாக்கரோமைசஸ் செரிவிசியே. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் அதே இனந்தான், ஆனால் ரகம் வேறாக இருக்கும்.

கடலைப் பிண்ணாக்கு, தவிடு, மீன்தூள், சிறிது மைதா ஆகியவற்றைப் பிசைந்து, குக்கரில் வேகவைத்து, ஓமப்பொடி அச்சில் பிழிந்து, மாடியில் காயவைத்து, உடைத்துச் சலித்துக் குஞ்சுகளுக்குப் போடுவது எங்கள் வழக்கம். ஈஸ்ட் தூள் வாங்கிய நாளிலிருந்து அதையும் மாவோடு சேர்த்துப் பிசைந்து வேகவைத்தேன். சாவு துளியும் குறையவில்லை. நான் தூளைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன், தண்ணீர் லாரிக்காரரிடம் சண்டை போட்டேன். ஒரு நாள் நான் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "ஏம்மா, ஆப்பத்துக்கு ஈஸ்ட் போடும்போது கஞ்சி ஆறட்டும்னு நீதானே காத்திருப்ப? இதை மட்டும் குக்கர்ல வைக்கிறியே?" என்று கேட்டார். எனக்குக் கை ஓடவில்லை. ஈரமான ஈஸ்ட் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாங்காது; குக்கருக்குள் அதற்கு இரு மடங்கு சூடு.

செத்த ஈஸ்ட்டால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் செல் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் மாவுச்சத்து வகைப் பொருள் குஞ்சின் பிறவி எதிர்ப்பாற்றலைத் தூண்டும். அதே சுவரிலுள்ள மன்னான் என்னும் இன்னொரு பொருள் சில தீய பாக்டீரியாக்கள் குடலில் ஒட்டாமல் தடுக்கும். ஆனால் உயிருள்ள ஈஸ்ட்டுக்கு விலை கொடுத்துவிட்டு அதை வேகவைப்பது வேறு விஷயம்.

இப்போது காய்ந்த தீவனம் முழுவதும் ஆறிய பிறகு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்துப் பிசிறி, மேலாகச் சிறிது மீன் எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்துகிறேன். மெட்ரோ தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் ஈஸ்ட்டுக்கு ஆகாது. கிலோ தீவனத்துக்கு 5 கிராம் போடுகிறேன். மூன்று நாளைக்குமேல் வைத்திருப்பதில்லை. ஈஸ்ட் குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்பதால் தினமும் கொடுக்க வேண்டும். இவ்வாறு மாற்றிய பின் வெள்ளை எச்சம் அரிதாயிற்று, குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே அளவாக வளர்ந்தன. அதே சமயத்தில் நான் தண்ணீரையும் அடிக்கடி மாற்றத் தொடங்கியிருந்தேன், ஆகவே முழுப் பெருமையையும் ஈஸ்ட்டுக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் தொட்டியில் அம்மோனியா ஏறியிருந்தால் எந்தப் புரோபயாட்டிக்கும் காப்பாற்றாது. ஈஸ்ட்டை நேரே தண்ணீரில் கொட்டவும் வேண்டாம். தண்ணீர் கலங்கி ஆக்சிஜன் குறைந்துவிடும்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. குஞ்சு ஒதுங்கி நின்றால் உடனே ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாட்டிக் கலப்பதை 2006 ஜனவரியிலிருந்தே முற்றிலும் தடை செய்துவிட்டது. அந்த மாத்திரை பாக்டீரியா வகைப் புரோபயாட்டிக்கையும் சேர்த்து அழிக்கும். ஈஸ்ட் பூஞ்சை இனம் என்பதால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் போய்விடும். கேட்டால் "எல்லோரும் போடுகிறார்கள்" என்பார்கள். ஈஸ்ட் தூள் பொட்டலத்திலோ ஒரு கிராமில் எத்தனை உயிர் செல்கள் என்ற எண்ணிக்கை இருக்காது, காலாவதித் தேதி அழிந்திருக்கும், பொட்டலம் கடை வாசலில் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே நீங்கள் வாங்கிய தூளை முதலில் சோதியுங்கள். கை பொறுக்கும் சூட்டில் கால் டம்ளர் காய்ச்சிய தண்ணீர், ஒரு சிட்டிகைச் சர்க்கரை, அரை ஸ்பூன் தூள் சேர்த்துக் கலக்கி மூடி வையுங்கள். உயிருள்ள ஈஸ்ட் என்றால் கால் மணி நேரத்துக்குள் மேலே நுரை கட்டி, மாவு புளித்த வாசனை வரும். தூளில் வேறு மாவு கலந்திருந்தால் நுரை குறைவாக இருக்கலாம், அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் தண்ணீர் அசையாமல் அடியில் வண்டல் மட்டும் தங்கியிருந்தால், அந்தப் பொட்டலத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.